தட்டினால் திறக்கும் டிரைவ்

இல்லாத டிரைவ் எப்படிச் சிக்கிக்கொள்ளும்? அதுதான் அக்காவுக்குப் புரியவில்லை.

மழை மேகம் மதியத்தையே இருட்டாக்கியிருக்க, ஈரச் சுவரின் வாடையும் ஆறிப்போன காபியின் வாடையும் கலந்த அந்தக் கூடத்தில், சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன பழைய கம்ப்யூட்டர்களை இன்றைய கம்ப்யூட்டருக்குள் அப்படியே ஓடவைக்கும் எமுலேட்டர்தான் அலுவலகத்தில் அவள் பிழைப்பு. அங்கே நிஜ ஹார்டு டிஸ்க் கிடையாது, அதன் நகல் ஒரு ஃபைலாக இருக்கும். நிஜ சிடி டிரைவும் கிடையாது, செட்டிங்கில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் இன்று அவள் எழுப்ப நினைத்தது அலுவலக மெஷினை அல்ல, தங்கையின் கம்ப்யூட்டரை. எப்போதோ அக்காவே ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்த டிஸ்க் நகல் காலையில் அலமாரியைத் துடைத்தபோது கிடைத்தது.

தங்கைக்கு வீட்டில் பெயர் வாயாடி. அக்காவோடும் அவள் கணவனோடும்தான் இருந்தாள். அக்கா ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த வாரத்தில், 'இனி உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்' என்று ஒரு மெசேஜை அனுப்பிவிட்டுப் போனவள்தான், ஆறு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. பஸ் ஏற்றிவிட்டது கணவன். "போறப்ப அவ உன்னப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா சொல்லலம்மா," என்று அவன் கண்கலங்கி நின்றபோது, நன்றிகெட்ட கழுதை என்று அக்கா தங்கையைத் திட்டித் தீர்த்தாள். கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. இந்த டிஸ்க்கில் ஒரு தோழியின் முகவரியாவது கிடைத்தால், போய்க் காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

ஹார்டு டிஸ்க் என்ற இடத்தில் அந்த நகலைக் கொடுத்தாள். சிடி டிரைவ் என்ற இடத்தில் 'காலி' என்று வைத்தாள். மெஷின் எழுந்தது. வாயாடி ஒட்டிவைத்த பூனைப் படம் திரையில் வந்தது. அப்போதுதான் மூலையில் சிடி விளக்கு மினுக்கியது.

காலி டிரைவில் எதைப் படிக்கிறது? செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். காலிதான். வெளியே தள்ளும் பட்டனை அழுத்தினாள். 'சிடி தட்டு சிக்கியிருக்கிறது' என்றது திரை.

சிரிப்பு வந்துவிட்டது. வாயாடியின் டிரைவ் இப்படித்தான் சண்டித்தனம் பண்ணும். அவள் பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வைப்பாள். "செல்லமா ரெண்டு, கோவமா ஒண்ணுக்கா. அப்பத்தான் நம்மள மதிக்கும்!"

ஆனால் அந்தக் கோளாறு தகரப் பெட்டியினுடையது. நகலில் ஃபைல்கள் வரும். துரு வராது. சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி அழுத்தினாள்.

டொக், டொக்.

சற்றுப் பொறுத்து, டொக்.

லேப்டாப்பில் இருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் இருந்து வந்தது.

அங்கே முன்பு சாமான் போடும் பொந்து ஒன்று இருந்தது. அவள் வெளியூரில் இருந்த அதே வாரத்தில் கணவன் அதை அடைத்து டைல்ஸ் ஒட்டியிருந்தான். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அதைத் தடவித் தடவிக் காட்டுவாள். "எங்க வீட்டுக்காரர் ஒத்த ஆளா ஒட்டினது, தெரியுமா?"

திரையில் டிரைவ் திறந்து மூடியது. 'காலி' போய், 'அக்காவுக்கு' என்று இருந்தது. பாட்டுப் பதிந்து தரும் சிடியிலெல்லாம் வாயாடி அப்படித்தான் எழுதுவாள்.

அந்தப் பெயரின்மேல் அழுத்தினாள்.

பாட்டு இல்லை. கொத்துக்கரண்டி ஈரச் சிமெண்டை வழிக்கும் சத்தம். வாய் பொத்தப்பட்ட யாரோ மூச்சுக்குத் தவிக்கும் சத்தம். பிறகு ஒரு குரல். தினமும் காபி கேட்கும் அதே குரல்.

"கத்தாதடி. இன்னும் ரெண்டு டைல்தான்."

அந்த மெசேஜ். அந்தக் கண்ணீர். அந்தக் கையால்தானே அன்றிரவு அவள் தலையைக் கோதினான். பாவி. அவனை நம்பி இவளும் சேர்ந்து திட்டினாளே, இந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. உள்ளே வாயாடி அதைக் கேட்டிருப்பாளா?

வாசலில் சாவி திரும்பியது.

கணவன் சொட்டும் குடையோடு உள்ளே வந்தான். "என்னம்மா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"வாயாடியோட கம்ப்யூட்டர் எங்கங்க?"

"காயலான் கடையில போட்டாச்சுன்னு அன்னிக்கே சொன்னேனே." கூசவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

அவன் முகத்தைப் பார்த்தபடியே அக்கா பட்டனை அழுத்தினாள்.

டொக், டொக்.

குடை நழுவி விழுந்தது. அவன் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைத்தான் பார்த்தான்.

டொக்.

டைலில் ஒரு கீறல் ஓடியது. உள்ளே சின்ன மோட்டார் ஒன்று முனகியது. இரண்டு டைல்களின் இடுக்கிலிருந்து, மஞ்சளேறிப்போன சிடி தட்டு மெதுவாக வெளியே வந்தது. அதில் சிடி இல்லை. அதன் விளிம்பைப் பிடித்தபடி, சிமெண்ட் அப்பிய நான்கு விரல்கள் கூடவே வந்தன.