இன்று இல்லாத தெருக்கள்

காலை ஏழு மணிக்கு, சென்னையில் அன்றைக்கு எந்தெந்தத் தெருக்கள் இல்லை என்ற பட்டியல் வரும். சுற்றுலா வழிகாட்டிகள் காபியோடு அதைப் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அன்றைய பட்டியலின்படி பதினேழு தெருக்கள், மூன்று கால்வாய்க் கரைகள், ஒரு மீன் அங்காடி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருநூறு அடி நடைபாதை ஆகியவை இல்லை. ரூபாவதி குடியிருந்த தெருவும் இல்லை. அவள் அந்த இல்லாத தெருவில் பல் தேய்த்து, இல்லாத குழாயில் தண்ணீர் பிடித்து, தலை சீவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வசதியுள்ளவர்கள் எல்லாரும் விழியின் மேல் கண்திரை பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. செய்தி, போகும் வழி, எதிரே வருபவரின் பெயர் எல்லாம் அதிலேயே தெரியும். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நகர எழில் இலாகா அந்தத் திரையில் ஒப்பனைப் படலம் என்று ஒன்றைச் சேர்த்தது. குடிசை, குப்பைமேடு, தள்ளுவண்டி என்று கண்ணை உறுத்தும் சங்கதிகளின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மறைப்பு வில்லையை ஒட்டிவிடுவார்கள். கண்திரை போட்டவருக்கு அந்த இடத்தில் காகிதப்பூச் செடியோ நீரூற்றோ வெள்ளைச் சுவரோ தெரியும். தெருமுனையில் 'மறைப்பு இயங்குகிறது' என்று ஒரு வரி மட்டும் கண்ணில் ஓடி மறையும். குடிசைகளை இடிப்பதைவிட இது எவ்வளவோ மனிதாபிமானம் என்று இலாகா பெருமைப்பட்டுக்கொண்டது. யாரும் வீடு இழக்கவில்லை பாருங்கள்.

வழிகாட்டிகள் மட்டும் கண்திரை போடக் கூடாது என்பது விதி. யாராவது ஒருவர் நிஜமான பள்ளத்தைப் பார்த்து வண்டி ஓட்ட வேண்டுமே.

அன்று ரூபாவதிக்கு ஒரே ஒரு பயணி. சந்திரக் குடியிருப்பிலிருந்து வந்திருப்பவர், தனிச் சுற்றுலா, மூன்று மணி நேரம். பெயர் சச்சிதானந்தம், வயது எழுபத்தெட்டு. நகர எழில் இலாகாவின் முன்னாள் தலைவர். படலத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

இந்தப் பெயர் தன் பயணிகள் பட்டியலில் வரவேண்டும் என்பதற்காகத்தான் ரூபாவதி ஒன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருந்தாள். சந்திரனுக்குக் குடிபோனவர்கள் சாவதற்குள் ஒருமுறையாவது ஊர் பார்க்க வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் வராமல் இருக்கமாட்டார்கள். பெருமை பேச அங்கே ஆள் போதாது.

பதினொரு வருடத்துக்கு முன் பட்டினப்பாக்கம் வளைவில் அவளுடைய அக்கா செங்கமலம் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். தானே ஓடும் கார்களில் கூலிக்காரர்கள் போக, சொந்தக் கையால் கார் ஓட்டுவதுதான் பணக்காரர்களின் அந்தஸ்து. அப்படிப்பட்ட ஒருவர் வளைவில் வேகமாகத் திரும்பி, வண்டிக்குப் பக்கத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்த செங்கமலத்தின் மேல் ஏற்றினார். இரும்பு வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்கா அங்கேயே போய்விட்டாள். "எனக்குக் காகிதப்பூச் செடிதான் தெரிஞ்சுது" என்றார் கார்க்காரர். வண்டியில் வில்லை இருந்தது, உண்மைதான். விசாரணையின் முடிவில் இலாகா ஒரு வரி எழுதியது: 'பார்வைக்கு உட்படாத பொருளின் மீது மோதியதால் ஓட்டுநர் மேல் தவறில்லை.' கீழே சச்சிதானந்தத்தின் கையெழுத்து.

கொன்றதைக்கூட ரூபாவதி ஒருவேளை மறந்திருப்பாள். பொருள் என்று எழுதியதை அவளால் மறக்க முடியவில்லை. அக்காவின் வண்டியிலிருந்து பிய்த்தெடுத்த வில்லையைப் பதினொரு வருடமாக மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள்.

விருந்தினருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது சென்னைச் சுற்றுலாவின் வழக்கம். முந்தின நாள் மாலை அவள் ஒரு பொன்னாடை வாங்கி, கழுத்துக்குப் பின்னால் வரும் இடத்தில், ஜரிகைக்கு அடியில் அந்த வில்லையை வைத்துத் தைத்திருந்தாள். ஒவ்வொரு தையலையும் அனுபவித்துத் தைத்தாள்.

"வாங்க சார், வாங்க. சென்னை உங்களை வரவேற்குது" என்று ஓட்டல் வாசலில் போர்த்திவிட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சச்சிதானந்தம் கூச்சப்பட்டார். கூச்சப்பட்டாரே தவிர, கழற்றவில்லை. பொன்னாடையைக் கழற்றிய பெரிய மனிதர் இந்த ஊரில் உண்டா?

சந்திரனில் ஆறில் ஒரு பங்கு எடையோடு பத்து வருடம் இருந்த கால்கள் அவருடையவை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மோட்டார் வைத்த கால்தாங்கி மாட்டியிருந்தார். ரூபாவதி கையைப் பிடித்து மின்ரிக்‌ஷாவில் ஏற்றினாள். நேப்பியர் பாலம், கலங்கரை விளக்கம், சாந்தோம், கபாலீஸ்வரர் கோயில் குளம் என்று இரண்டு மணி நேரம் வாய் வலிக்கப் பேசினாள். அவரும் சளைக்கவில்லை. இந்தப் பாலத்துக்குக் கீழே என்ன வைத்தோம் தெரியுமா, அந்தக் கால்வாய்க்கு எத்தனை வகை அல்லியை யோசித்தோம் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே வந்தார். குளக்கரையில் பூக்காரி மட்டும் "சாமி, முல்லை வாங்கிக்கோ" என்று அவரைக் கூப்பிட்டாள். அவளுக்கு ஏது கண்திரை? மற்றபடி கோயிலுக்கு வந்த சீமான்கள் ஒருவர்கூட அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வில்லை வேலை செய்கிறது என்று ரூபாவதி மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் பட்டினப்பாக்கம் வளைவு வந்தது.

"சார், இந்த நடுத்திட்டுல நின்னு பாத்தா கடல் ரொம்ப அழகா இருக்கும். நீங்க நில்லுங்க, நான் வண்டியைத் திருப்பிக்கினு வரேன்" என்றாள். அவரை இறக்கிவிடும்போது கால்தாங்கியின் மின்கலத்தைச் சத்தமில்லாமல் உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் பத்து நிமிடம் அவர் கடலைப் பார்த்தார். பிறகு அவளைத் தேடினார். ஒரு எட்டு வைக்கப் பார்த்தவர், கால் வராமல் தடுமாறி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கார்கள் சர் சர் என்று போயின. கையை ஆட்டினார். "ஹலோ! எக்ஸ்க்யூஸ் மி!" என்றார். பிறகு "சார்" என்றார். பிறகு "ஐயா" என்றார். நடைப்பயிற்சிக்கு வந்த தம்பதி சாலையைக் கடந்து, அவருக்கு ஒரு முழம் தள்ளி, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். வெயில் ஏறியது. பிடி நழுவி அவர் திட்டிலேயே விழுந்தார். பொன்னாடை ஜரிகை மின்ன, எழுபத்தெட்டு வயது மனிதர் சாலை நடுவில் கிடந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

ரூபாவதிக்கு ஆனந்தமாக இருந்தது. இதை மூடி மறைத்துச் சொல்வானேன், அவளுக்கு அப்படித்தான் இருந்தது. பதினொரு வருடத்தில் அவள் சாப்பிட்ட எந்தச் சோறும் இவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

முக்கால் மணி நேரம் ரசித்துவிட்டு, சாலையைக் கடந்து அவர் எதிரே போய் நின்றாள்.

"இன்னா சார், எப்டி கீது எங்க ஊரு?"

"ரூபா... தண்ணி..."

"ரூபா இல்ல. செங்கமலம் தங்கச்சி. இஸ்திரிப் பொட்டி வச்சிருந்தாளே, இதே வளைவுல, அவ தங்கச்சி. நீ பொருள்னு எழுதின பாரு, அவ." பொன்னாடையைத் திருப்பி ஜரிகையை விரலால் பிரித்துக் காட்டினாள். "எங்க அக்கா வண்டியில இருந்த வில்லை. காலையிலேர்ந்து உன் கழுத்துல கீது. இப்போ நீதான்யா பொருள்."

சச்சிதானந்தம் வில்லையையே பார்த்தார். மூச்சு வாங்கியது.

"இது வேலை செய்யாதும்மா" என்றார்.

"நான் பாத்துக்கினுதானே இருந்தேன்? நூறு பேரு உன்னத் தாண்டிப் போனான். ஒருத்தன் திரும்பல."

"அவங்களுக்கு நான் தெரிஞ்சேன்." உதட்டை நக்கிக்கொண்டார். "படலத்தை நிறுத்திப் பதினாலு வருஷமாச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒரு சித்திரை மாசம், ஊருக்கே கரண்ட் பத்தல. படலம்தான் நிறைய இழுக்குது. ஒரு நாளைக்கு நிறுத்திப் பாப்போம், புகார் வந்தா மறுபடி போட்டுக்கலாம்னு நான்தான் நிறுத்தினேன். அந்த ஒரு வரியை மட்டும் ஓட விட்டேன், மறைப்பு இயங்குகிறதுன்னு. பயந்துகிட்டே உக்காந்திருந்தேம்மா. ஒரு புகார் வரல. மறுநாளும் வரல. அப்புறம் எதுக்குப் போடணும்? புகாரெல்லாம் என் கண்திரைக்கு வர்ற மாதிரிதான் வச்சிருந்தோம். அதைக்கூட இன்னும் யாரும் மாத்தல. நிலாவுல இருந்தாலும் எனக்குத்தான் வரணும். இன்னைய வரைக்கும் ஒண்ணு வரல."

"அப்போ காலையில வர்ற பட்டியல்?"

"நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடல. அதனால வருது."

"எங்க அக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ படலம் நின்னு மூணு வருஷம். அந்த ஆளு காகிதப்பூன்னு சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நிஜத்தை எழுதணும்னா, படலமே இல்லாமத்தான் இந்த ஊரு இப்படின்னு எழுதணும். எந்த இலாகாம்மா அதை எழுதும்? அதனால பொருள்னு எழுதிட்டேன்."

ரூபாவதிக்கு அவரை அறையவேண்டும்போல் இருந்தது. அறைந்தாள். பட்டப்பகலில், நடுச்சாலையில், ஒரு பெண் ஒரு கிழவரைப் பளார் என்று அறைந்த சத்தம் நன்றாகவே கேட்டது. அப்போதும் யாரும் திரும்பவில்லை.

பழிவாங்கியது நானா, ஊரா என்று அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பதினொரு வருடம் முடிந்து வைத்திருந்த வில்லை வெறும் பொத்தான். மின்கலத்தை எடுத்து அவர் இடுப்பில் மாட்டினாள், தண்ணீர் கொடுத்தாள், தூக்கி நிறுத்தினாள். மன்னித்ததாக அவர் நினைத்துவிடக் கூடாது என்று உடனே சொல்லவும் செய்தாள்.

"டூர் மூணு மணி நேரம். இன்னும் கொஞ்சம் பாக்கி கீது. நாளைக்குக் காலையில இங்கியே வரேன். ஓடிப் போயிடாத."

அவர் ஓடவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அதே பொன்னாடையோடு, பட்டினப்பாக்கம் வளைவின் ஓரத்தில் நின்றார். ரூபாவதி அக்காவின் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பழைய இடத்தில், அதே கோணத்தில் நிறுத்தினாள். பட்டியலின்படி அன்றைக்கும் அந்த வளைவு இல்லை. கார்க்காரர்கள் கண்ணில் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கும்.

"மோதுறானுங்களா பாப்போம்" என்றாள். ஒருவனாவது மோதி, பல்லெல்லாம் உடையவேண்டும் என்று அவள் மனதார ஆசைப்பட்டாள்.

முதல் கார் வேகமாக வந்து, வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நெளிந்து, ஒதுங்கிப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கார்க்காரர் ஹாரன்கூட அடித்தார். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் கார்கள் வந்தன. இரும்புச் சட்டத்தில் ஒன்றுகூட உரசவில்லை.

அக்கா செத்த அன்றைக்கும் இந்த வண்டியில் கீறல் இல்லை என்பது ரூபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கார் வண்டியைப் பார்த்திருக்கிறது. வண்டியை விட்டு ஒதுங்க இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அக்கா நின்றிருந்தாள்.

அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். சச்சிதானந்தம் திடீரென்று தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைக் கொட்டினார்.

"புகார்" என்றார். "வந்திருக்கு. முதல் புகார்."

"இன்னான்னு?"

அவர் படித்தார். "'பட்டினப்பாக்கம் வளைவில், மறைக்கப்பட்ட பகுதியில், ஒரு இரும்பு வண்டி நிற்கிறது. காரில் கீறல் விழக்கூடும். உடனே மறைக்கவும்.' படமும் அனுப்பியிருக்கான். வண்டி தெளிவா தெரியுது."

"நாம?"

"இல்ல. ஓரத்துல உன் முழங்கை மட்டும் இருக்கு. மீதியை வெட்டிட்டான்."

ரூபாவதி சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"பதில் போடு. நான் சொல்ற மாதிரி போடு. 'பார்வைக்கு உட்படாத பொருள் குறித்த புகார் ஏற்கப்படாது.' கீழ உன் கையெழுத்து."

சச்சிதானந்தம் விரலை உயர்த்தி, காற்றில் எழுத்து எழுத்தாக அனுப்பினார். பதினொரு வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட அதே விரல். இப்போது புகார் அனுப்பியவன் துடிப்பான், அடித்துப் பிடித்துக்கொண்டு இலாகாவுக்கு ஓடுவான், விஷயம் சந்தி சிரிக்கும் என்று ரூபாவதி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

இரண்டு நிமிடத்தில் கார்க்காரரிடமிருந்து மறுமொழி வந்தது. சச்சிதானந்தம் அதைத் தனக்குள் படித்தார். அவள் அதட்டிய பிறகுதான் வாய்விட்டுப் படித்தார்.

"'விரைவான நடவடிக்கைக்கு மிக்க நன்றி. இப்போது தெரியவில்லை.'"

புகார் எழுதியவரின் கார் வளைவில் திரும்பி வந்தது. நன்றி சொன்ன மனிதர் முகம் நிறைய திருப்தியோடு, இஸ்திரி வண்டியை விட்டு அழகாக ஒதுங்கிப் போனார். ரூபாவதிதான் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.