பிரிச்சா தேடும்

கொளஞ்சியப்பன் பைக்கை நிறுத்தியபோது மலையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிமலையைத் தாண்டி, மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே தனியாக ஓர் ஓட்டு வீடு. வாசலில் கோழிகள் மேய்ந்தன. கொடியில் ஒரு லுங்கி காய்ந்தது. பயப்படும்படி அங்கே ஒன்றுமே இல்லை.

அவனுக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை. கேம் ஆடவும், ஆடுவதை நேரலையில் காட்டவும் தோதாக, பார்ட்ஸ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மிஷின் கட்டித் தருவதில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவன் நினைப்பு. மண்டைக்கனம்தான், ஆனால் வேலை தெரிந்த மண்டை. பழைய பார்ட்ஸ் கைக்கு வந்தால் முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பான். தீய்ந்த வாடை வந்தால் தொடவே மாட்டான்.

இந்த மிஷின் வாடிக்கையாளருக்கு அல்ல. தங்கச்சி அம்சவள்ளிக்கு. தாய் தகப்பன் போன பிறகு அவன் கைப்பிடித்து வளர்த்த பெண். கடையில் கிடந்த ஓட்டை மிஷினில் ஆடி ஆடியே தன் சேனலுக்கு ஒரு கூட்டம் சேர்த்திருந்தாள். அவளுடைய வலது கை மவுஸில் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவனே வாயைப் பிளந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜெயித்தால் சென்னை அணியில் இடம். அந்தக் கைக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று திருக்கோவிலூர் கோயிலில் சிவப்புக் கயிறு வாங்கி, மணிக்கட்டில் அவனேதான் கட்டிவிட்டான்.

பார்ட்ஸ் விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் படம் வந்திருந்தது. வீட்டுக்காரி பெருமாயி உள்ளறையைத் திறந்துவிட்டாள். மண்சுவர். ஒரு நாள்காட்டி. மேசைமேல் மிஷின், பக்கத்தில் ஒரு ஹெட்செட்.

"எம் பையன் மாதனோடது. உன்னாட்டம்தான், சாமான் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிக் கட்னான்" என்றாள். "எடுத்தா மொத்தமா எடுத்துக்கினு போ தம்பி. இல்லனா மொத்தமா வுட்டுடு. செத்தவன் கைப்பட்ட ஆயுதத்த நாங்க ரெண்டு எடமாப் பிரிக்க மாட்டோம்."

"பிரிச்சா இன்னாம்மா?"

"பிரிச்சா தேடும்."

பையனுக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டான்.

"பெரியவன் ஐயப்பன் கெழங்கு புடுங்கக் கூப்டான். மூணு தபா கூப்டான். இவன் காதுல அத மாட்டிக்கினு ஆடிக்கினு இருந்தான், திரும்பல." பெருமாயி சுவரையே பார்த்தாள். "நாலாந் தபா அவன் கூப்படல. அரிவாள எடுத்துட்டான். ஜனங்க அத்தினி பேரும் போன்ல பாத்துக்கினு இருந்தாங்களாம். நடிக்கிறான்னு சிரிப்பு பொம்மை போட்டாங்களாம்."

வெளியே ஒரு கோழி கொக்கரித்தது.

"வலது கையும், அது புடிச்சிருந்த மவுசும் மட்டும் இன்னி வரைக்கும் ஆப்புடல தம்பி."

அப்போதே அவன் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்த மிஷினுக்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு அவன் வெகுநாளாகக் கண் வைத்திருந்த கார்டு. அங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எந்தக் கடைக்காரனும் பழசாக வாங்க மாட்டான். வெடித்தால் போர்டையும் சேர்த்துக் கொளுத்திவிடும். வெளிப்பெட்டியான கேபினெட்டோ நசுங்கி, ஓரமெல்லாம் பழுப்பாகக் கறை காய்ந்து கிடந்தது. ஆகவே கார்டு, மதர்போர்டு, ஹெட்செட் மூன்றை மட்டும் கழற்றினான். மற்றதை மேசையிலேயே விட்டான்.

கார்டை முகர்ந்தான். தீய்ந்த வாடை இல்லை. கறிக்கடை வாடை வந்தது.

அவன் பையைக் கட்டுவதைப் பெருமாயி பார்த்தாள். மேய்ந்துகொண்டிருந்த கோழிகளை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டப்பகலில்.

கதையை அவன் அம்சவள்ளியிடம் சொல்லவில்லை. மறுநாள் மதியம் கடையில் மிஷின் தயாரானது. புது கேபினெட், புது எஸ்.எம்.பி.எஸ்., அந்த மூன்று பார்ட்ஸ். முதல் தடவை சோதிக்கும்போது கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைப் போட மாட்டான். காற்றாடிகள் சுற்றுவது வெளியே தெரிந்தது. வாசலில் இளநீர் வண்டி போடும் தங்கதுரை வழக்கம்போல் அரிவாளை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அம்சவள்ளி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நேரலையைத் தொடங்கினாள். "வந்துட்டேன். புது மிஷின். எங்கண்ணன் கட்னது" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். கொளஞ்சியப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆட்டம் சூடு பிடித்தது. திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் அவள் முகம் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் இருந்த சுவர் மண்சுவர்.

கடைச் சுவருக்கு நீலப் பெயின்ட். அவன் திரும்பிப் பார்த்தான். நீலம்தான். மறுபடி திரையைப் பார்த்தான். மண்சுவர், நாள்காட்டி, அதன்மேல் பீய்ச்சியடித்த பழுப்புக் கறை. கறை இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

கறிக்கடை வாடை குப்பென்று அடித்தது.

"அம்சு, எந்திரி" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"அம்சு. அத கழட்டிட்டு வா."

கிளிக், கிளிக், கிளிக். அவளுடைய விரல்கள் மட்டும் ஓடின.

"அம்சு!"

மூன்றாவது முறை கூப்பிட்டபோது தொண்டை அவனுடையது, கோபம் அவனுடையது இல்லை. எங்கிருந்தோ வந்து ஏறிய கோபம். கிழங்குக் கொல்லையில் வெயிலில் காய்ந்தவனின் கோபம். தங்கச்சியைப் பார்த்து அப்படி ஒரு வெறி அவனுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. கையில் ஏதோ கனத்தது. தங்கதுரையின் அரிவாளை எப்போது எடுத்தான் என்று அவனுக்குத் தெரியாது.

நாலாவது முறை அவன் கூப்பிடவில்லை.

முதல் வெட்டு மேசையில் இறங்கியது. இரண்டாவது வெட்டு சிவப்புக் கயிற்றுக்கு மேலே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவன் காது வரை வந்தது. பீய்ச்சிய ரத்தம் திறந்து கிடந்த கேபினெட்டுக்குள் பாய, காற்றாடி அதை வாரி நீலச் சுவரில் அடித்தது. அம்சவள்ளி மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். கத்தக்கூட இல்லை.

"அண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

திரையின் ஓரத்தில் சிரிப்பு பொம்மைகள் வரிசையாக ஏறின.

அந்த ஒரு சொல்லில் ஏறிய வெறி இறங்கிவிட்டது. துண்டை இறுக்கிக் கட்டி, அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "கையைப் பையில சுத்தி, ஐஸ்ல வெச்சி எடுத்துட்டு வாங்க. சீக்கிரம் வந்தா ஒட்டவெக்கப் பாக்கலாம்" என்றார் டாக்டர். வந்த வழியே திரும்பி ஓடினான். அந்தக் கை கிடைத்தால் போதும், அப்புறம் தன்னைத் தூக்கில் போட்டாலும் சரி என்று வழியெல்லாம் அழுதான்.

ஆட்டோ கிளம்பும்போதே சாப்பிட்டுத் திரும்பியிருந்த தங்கதுரை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலை மறித்து நின்றார். "உள்ள யாரும் போகல தம்பி. நான் இங்கியேதான் நிக்கிறேன்" என்றார்.

மேசைக்கு அடியில் தேடினான். கேபினெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். அட்டைப்பெட்டிகளை உதறினான். ரத்தம் இருந்தது. அரிவாள் இருந்தது.

கை இல்லை. மவுஸும் இல்லை.

பெருமாயி சொன்னது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. தேடி வந்தது, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுவிட்டது.

வெட்டியது நான்தான் என்று அவனே போலீசில் சொல்லிவிட்டான். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று அம்சவள்ளி கேட்டதால், மறுநாள் மாலை விலங்கோடு அவனை வார்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவள் வெட்டுண்ட இடத்தில் வெள்ளைக் கட்டு. தலைமாட்டில் அவளுடைய போன்.

"ரொம்ப வலிக்குதா அம்சு?"

"வலி இல்லண்ணா." அவள் குரல் கிசுகிசுத்தது. "ஆடிக்கினு கீது."

"எது?"

"என் கை. எனக்குத் தெரியுது. அழுத்துது, வுடுது, அழுத்துது. நிறுத்தச் சொல்லுண்ணா."

போன் ஒளிர்ந்தது. அவளுடைய சேனலில் நேரலை தொடங்கிவிட்டதாம். விலங்கோடு கையை நீட்டி அவன் தொட்டான். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட தலைகள் திரையில் உருண்டன. மூலைச் சதுரத்தில் மண்சுவர். முகம் தெரியாத ஒருவன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மவுஸைப் பிடித்திருந்த கை மெலிந்த கை. அதில் சிவப்புக் கயிறு.

அந்த அறையில் யாரோ கூப்பிட்டார்கள்.

"அம்சு, எந்திரி."

அது கொளஞ்சியப்பனின் குரல்.

"அம்சு. அத கழட்டிட்டு வா."

போனைச் சுவரில் வீசியடித்தான். கண்ணாடி நொறுங்கி, திரை இருண்டது. இருண்ட போனிலிருந்து மூன்றாவது கூப்பாடும் வந்தது. பிறகு வார்டில் சத்தமே இல்லை.

நாலாவது முறை யாரும் கூப்பிடவில்லை.

அம்சவள்ளி வில்லாய் வளைந்து அலறினாள். வெள்ளைக் கட்டின்மேல், மணிக்கட்டு இருந்த இடத்தில், புது ரத்தம் பொங்கி வழிந்தது. வாசலில் நின்ற காவலர் ஓடி வந்து முதலில் கொளஞ்சியப்பனின் கைகளைத்தான் பார்த்தார். இரண்டும் விலங்கில் இருந்தன.