தேனருவிச் செடி

மூன்று நாளாக யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஆனாலும் செடியின் வேர்கள் பச்சையாக இருந்தன.

சுரண்டையில் தம்பி மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு அப்போதுதான் குற்றாலத்து வீட்டுக்குத் திரும்பியிருந்த நாச்சியார், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கணவரின் அறை வாசலில் நின்று அதையே பார்த்தாள். அறுபத்தைந்தாம் வருஷம் அது. ஆனி முடியப் போகிறது, சாரல் இன்னும் இறங்கவில்லை. அருவியின் இரைச்சல் இல்லாத ஊர், மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ ஒட்டுக்கேட்பது போல இருந்தது.

உத்தரத்திலிருந்து கம்பிக் கூடையில் தொங்கியது அந்த ஆர்க்கிட். அதற்கு மண் கிடையாது. கரித்துண்டு, செங்கல் சில்லு, கொஞ்சம் தேங்காய் நார், அவ்வளவுதான். காய்ந்தால் வேர் வெள்ளியாக வெளுக்கும், நனைந்தால் பச்சையாகும் என்று அவளுக்குச் சொல்லித்தந்தவர் கீழே கட்டிலில் கிடந்தார்.

அவள் கணவர் தாணுமாலயன், கல்லூரியொன்றில் தாவரவியல் ஆசிரியர். போன ஐப்பசியில் தேனருவிக்கு மேலே சாய்ந்து கிடந்த மரத்திலிருந்து இதைப் பெயர்த்து வந்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். தையில் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. செடியைப் பார்க்கும்போது மட்டும் அவர் கண்ணில் கொஞ்சம் உயிர் வருகிறதே என்று, அதைக் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியவள் நாச்சியார்தான். தினமும் காலையில் பன்னீர்ச்செம்பால் தண்ணீர் தெளிப்பவளும் அவள்தான்.

"ரெபேக்கா, செடிக்குத் தண்ணி தெளிச்சியா?"

அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ரெபேக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் எதுக்குக்கா தெளிக்கேன்? அதக் கண்டாலே எனக்கு ஆகாது. சாருக்குக் கஞ்சி குடுக்க மட்டுந்தான் உள்ள போனேன்." குரலைத் தாழ்த்தினாள். "எம்புட்டுத் தண்ணி குடுத்தாலும் அவுகளுக்கு உதடு காஞ்சே கெடக்குக்கா. நேத்து மட்டும் ஒரு கூசா தண்ணி குடிச்சிருக்காக."

சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அறைப் பக்கம் திரும்பிப் பாராமல் அவள் போய்விட்டாள்.

நாச்சியார் உள்ளே போனாள். ஈரத்துணியும் சந்தனமும் சேர்ந்து புழுங்கியது போல ஒரு வாசனை. அதன் அடியில் காய்ச்சல்காரனின் வியர்வை போல வேறொன்று. எங்கிருந்தோ மெல்லிய சத்தம் வந்தது, குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்புவதைப் போல. அவர் உதடு அசையவில்லை. வெள்ளையாக வெடித்திருந்தது.

"அத்தான்."

கண்கள் அவளிடம் திரும்பின. ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அப்போதுதான் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த இடது கை. ஆறு மாதமாகக் கட்டை போலக் கிடந்த கை. அதன் விரல்கள் மெல்ல மடங்கின. விரிந்தன.

"பெருமாளே! அத்தான், கை அசையுது! ஒங்களுக்குத் தெரியுதா?"

அழுகையும் சிரிப்புமாகக் கையைப் பற்றினாள். சூடாக இருந்தது. தோலுக்கடியில் நரம்புகள் புடைத்திருந்தன. தடித்து, உருண்டு. அவற்றில் ஒன்று அவள் விரலுக்குக் கீழே நழுவியது.

நரம்பு அப்படி நழுவாது.

கூடையைப் பார்த்தாள். வேர்கள் நேராகத் தொங்கவில்லை. உத்தரத்தில் ஏறி, சுவரோரமாக இறங்கியிருந்தன. கட்டில் காலைச் சுற்றி, மெத்தைக்குள்.

போர்வையை விலக்கினாள்.

இடது விலாவில் ஏழெட்டு வேர்கள் நுழைந்திருந்தன. காயமில்லை. ரத்தமில்லை. தோல் அவற்றைச் சுற்றி வழுவழுப்பாக மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வேர்கள் ஏறி இறங்கின.

அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு வேரை நறுக்கினாள்.

"நாச்சியா!"

அவர் குரல். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் குரல்.

"வலிக்கிட்டீ... வெட்டாத."

வெட்டிய நுனியில் ரத்தம் துளிர்த்துச் சொட்டியது. அவர் முகம் வெளுத்தது. அசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அத்தான், இத எடுத்துருதேன். எடுத்தா சரியாயிரும்."

"எடுத்தா... நான் இல்ல."

வெளியே, அந்த வருஷத்தின் முதல் சாரல் ஓட்டில் விழுந்தது. அவர் கண்கள் அவளைக் கெஞ்சின. அவள் பெயரைச் சொன்ன வாய் திரும்பவும் கோணிக்கொண்டு வந்தது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பன்னீர்ச்செம்பை எடுத்தாள்.

தெளித்தாள். வேர்கள் மீது. விலா மீது. அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. கோணிய வாய் நேரானது. இடது கை தானாக எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அத்தான், விடுங்க."

விடவில்லை.

அவர் சிரித்தார். அவருடைய ஐந்து நகங்களுக்கு அடியிலிருந்தும் பச்சை நுனிகள் ஈரமாக வெளியே வந்தன. அவள் நாடி துடிக்கும் இடத்தைத் தடவித் தடவித் தேடின.