இருந்தது ஒரே ஒரு லைசென்ஸ்

'நோயாளிக்கு இரண்டு நாட்களாக மூச்சுத் திணறல்...' என்று அடித்துக்கொண்டிருந்தபோதே திரை கருத்துவிட்டது. மூலையில் மட்டும் அந்த வெள்ளை வரி... இது உரிமம் பெற்ற பிரதி அல்ல.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. காலையிலிருந்து டாக்டர்கள் முணுமுணுத்துப் பதிவு செய்து அனுப்பியதை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து கேட்டு டைப் அடித்தவளுக்கு அழத் தெம்பு ஏது? லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். "ஒரு மணி நேரத்துல வந்துடறேம்மா" என்று படுத்திருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

பழைய கம்ப்யூட்டர் கடையில் அவளுக்கு முன்னால் ஏழு பேர். ஏழு பேர் மடியிலும் கருப்புத் திரை. மேஜைக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"கருப்பா?"

"ம்..."

"வரிசையில வைங்க. எட்டாவது."

"போன மாசம்தான் இங்க வாங்கினேன். புதுசு மாதிரி இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"புதுசு மாதிரின்னுதான் சொன்னேன். புதுசுன்னு சொல்லலையே..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன், அடுத்த வார்த்தையை மறந்துபோனான். நனைந்த இமைகள்... அவற்றுக்குக் கீழே மழையைவிடத் தூக்கம்தான் அதிகம் தேங்கியிருந்தது. இவ்வளவு களைத்த கண்கள் இவ்வளவு அழகாக இருக்குமா என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கோ, இந்த ஆள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாச்சோ என்று தோன்றியது. காதலுக்கு இதைவிட நல்ல ஆரம்பங்கள் உண்டுதான். இவர்களுக்கு வாய்த்தது இவ்வளவே.

கடை அவனுடைய அக்கா கணவருடையது. விற்கிற மெஷின் அத்தனையிலும் ஒரே திருட்டுப் பிரதியை, ஒரே லைசென்ஸ் நம்பர் போட்டு ஏற்றிவிடச் சொல்வார். இந்த வாரம் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் அந்த நம்பரை முடக்கிவிட்டார்கள். விற்ற மெஷின் நாற்பதும் ஒன்றாகக் கருத்துவிட்டன.

"வேற நம்பர் போட்டுத் தரேன். அரை மணி நேரம் ஆகும்" என்றான்.

"அதுவும் திருட்டுதானே?"

ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு அது வேண்டாங்க. வெள்ளிக்கிழமை எங்க கம்பெனிக்காரங்க நெட் வழியா மெஷினுக்குள்ள வந்து பார்ப்பாங்க. நோயாளிங்க விவரமெல்லாம் இருக்கில்ல... நிஜ லைசென்ஸ் இல்லன்னா வேலை கிடையாது. புதுசா வாங்கக் காசும் இல்ல. அம்மாவால எழுந்து நடக்க முடியாது. வீட்டுல உட்கார்ந்து பார்க்கற மாதிரி வேற வேலை எனக்குக் கிடைக்காது."

"இலவச சிஸ்டம் ஏதாவது ஏத்தித் தரவா?"

"ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் அதுல ஓடாதாம். கேட்டுட்டேன்."

அவன் மெஷினைக் கவிழ்த்தான். அடிப்பக்கம் கண்ணாடி போல இருந்தது. ஓர் இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினான். முகம் வெளிறிவிட்டது.

"நாளைக்கு வாங்க. முதல்ல ஃபைலையெல்லாம் காப்பி எடுக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள், புதன்கிழமை, சுவரோரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. நகர்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு ஆச்சு?"

"முப்பத்தேழு சதவீதம்."

"அப்பவும் முப்பத்தேழுதானே சொன்னீங்க?"

"அதுக்கு மட்டும் களைப்பு இருக்காதா..."

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்து எத்தனை நாளாச்சு... மூலையில் தனியாக வைத்திருந்த ஒரு மெஷினைக் காட்டி, "அது யாரோடது?" என்றாள்.

"என்னோடது. தனியா கடை போடணும்னு ஆசை. அதுக்காக முதல்ல வாங்கினது ஒரு நிஜ லைசென்ஸ், ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் ஆகறது. இந்தக் கடையிலேயே யோக்கியமான மெஷின் அது ஒண்ணுதான். லைசென்ஸ் வந்து மூணு வருஷமாச்சு... கடைதான் இன்னும் வரல."

அவள் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விழித்தபோது மேஜை விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவன் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே..."

"மெஷின் அப்பவே முடிஞ்சிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. அவளைத் தூங்கவிட்டவர்கள் சமீபத்தில் யாருமில்லை.

வியாழக்கிழமை மெஷினைத் திருப்பித் தந்தான். நிஜமான லைசென்ஸ். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "பிரிச்சுப் போட்ட பழைய மெஷின்ல ஒண்ணு இருந்துச்சு" என்று ஸ்க்ரூ டிரைவரிடம் பதில் சொன்னான். வெள்ளிக்கிழமை சோதனை முடிந்தது. வேலை தப்பியது.

சனிக்கிழமை மறுபடி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவள், வாசலைத் தாண்டியதும் நின்றாள். மூலையில் இருந்த அவனுடைய மெஷின்... திரை கருப்பு. ஓரத்தில் அதே வெள்ளை வரி.

புரிய அதிக நேரம் ஆகவில்லை. முகம் சூடேறியது.

"உங்களோடதையா எனக்குப் போட்டீங்க?"

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"பாவம்னு நெனச்சுட்டீங்க, இல்ல? மழையில நனைஞ்சு வந்து நின்னேன், இரக்கப்பட்டுட்டீங்க. எனக்கு யார் தயவும் வேண்டாங்க. திருப்பி எடுத்துக்குங்க."

"எடுத்தா உங்க வேலை போயிடும். திரும்பவும் எப்ப வேணா வந்து பார்ப்பாங்க."

"போகட்டும்."

வாய்தான் சொன்னது. கை லேப்டாப் பையை விடவில்லை.

"தயவெல்லாம் இல்லீங்க..." என்று அவன் எழுந்தான். கல்லாவில் இருந்த அக்கா கணவரைப் பார்த்தான். "மாமா, நான் சொல்லிடறேன்."

"வேண்டாம் மாப்ள. கஸ்டமருங்க இருக்காங்க."

"சொல்லிடறேன் மாமா. முடியல." அவள் பக்கம் திரும்பினான். "உங்க மெஷினுக்கு நிஜ லைசென்ஸ் இருந்துச்சு. அடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல அதோட நம்பர் இருந்திருக்கும். பழைய மெஷின் வந்தா பளபளன்னு ஆக்கறது என் வேலை. ஸ்பிரிட் போட்டு ஸ்டிக்கரையும் சேர்த்துச் சுரண்டிடுவேன், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கட்டும்னு... முதல் நாள் கவிழ்த்துப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்களோடதை அழிச்சது நான்தான்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இந்த ஒரு துணித் துடைப்புக்காக எத்தனை நாள் வயிற்றில் நெருப்போடு இருந்தாள். ஆனால் எதிரே நின்றவன், இரண்டு அடி வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பவனைப் போல நின்றான்... அதைப் பார்த்துக்கொண்டே கோபத்தைக் காப்பாற்றுவது கஷ்டமாக இருந்தது.

"நாற்பதையும் இப்படித்தான் துடைச்சீங்களா?"

"எல்லாத்தையும்."

"அவங்ககிட்டயும் சொல்வீங்களா?"

"ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லப்போறேன். திங்கக்கிழமையிலேர்ந்து."

"அப்ப நான் கடையை மூடிட்டுப் போறேன்" என்றார் மாமா. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"நாற்பது பேரோடதை அழிச்சிருக்கீங்க. உங்ககிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதை ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

அவன் மூலையில் கருத்துக் கிடந்த தன் மெஷினைப் பார்த்தான்.

"உங்க வேலை போயிடும்னுதான் குடுத்தேன்னு சொன்னா நியாயமா இருக்கும். ஆனா அது பாதிதான்... நீங்க இங்க உட்கார்ந்து தூங்கினீங்க இல்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னா திரும்ப வரமாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் மறைச்சேன். உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் நெஞ்சோடு அணைத்திருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்து அவன் கையை நீட்டினான்.

"மெஷினையாவது குடுங்க. என்ன கோளாறுன்னு பார்த்துத் தரேன்."

"ஒரு கோளாறும் இல்ல" என்றாள் அவள். "நல்லாத்தான் ஓடுது. உங்களைப் பார்க்க வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமேன்னு... தூக்கிட்டு வந்தேன்."