யூரியா நூற்று அறுபத்தெட்டு

ரத்தம் மூன்று மணி நேரம் மெஷினில் ஓடிய பிறகும் யூரியா நூற்று அறுபத்தெட்டுதான் என்று லேப்பிலிருந்து சந்தியா போனில் சொன்னாள்.

"அது மொதல்ல எடுத்த சாம்பிளா இருக்கும், பாரு."

"ரெண்டுமே அதேதாங்க்கா."

கோகிலவாணி போனை வைத்தாள். கள்ளக்குறிச்சியின் அந்தச் சின்ன டயாலிசிஸ் சென்டரில் அவள் ஆறு வருடமாக டெக்னீஷியன். இந்நேரம் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஃபில்டர் புதிது, அவளே பிரித்துப் போட்டது.

கல்வராயன் மலைப்பக்கமிருந்து வந்த மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சீராகக் கொட்ட, பினாயில் வாடைக்கும் ஈரத்துணி வாடைக்கும் நடுவே, பம்பு சுழன்று சுழன்று ரத்தத்தை டியூப்பில் தள்ளிக்கொண்டிருந்தது. கட்டிலில் ரிஷிவந்தியத்து விவசாயி கொளஞ்சியப்பன். வாரத்துக்கு மூன்று நாள் வருபவர்.

"எவ்ளோ கொறைஞ்சிக்கீதும்மா?"

"இன்னொரு தபா எடுத்துப் பாக்கணுங்கய்யா."

"எடு. ஒடம்பு லேசா கீது. வலியே தெரியல."

சாம்பிள் எடுக்குமுன் பம்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தாள். முந்நூறு. இருநூறு. நூறு.

"மழை... வுட்டதும்... மல்லாட்டை... வெதைக்கணும்..."

பேச்சும் குறைந்தது. ஒரு சொல்லுக்கு பம்பின் ஒரு சுற்று.

அவர் கையைத் தொட்டாள். ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய், விரல் வைத்தால் தேனீக்கூடுபோல் அதிரும். அதிரவில்லை. மதியம் ஊசி போடும்போது அதிர்ந்ததா? நினைவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தைத் தொட்டாள். நாடி இல்லை. தோல் சில்லென்றிருந்தது.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை.

பம்பை நிறுத்தினாள்.

"வூட்டுக்குப் போயி..."

வாய் திறந்தபடி நின்றது. கண்ணும் நின்றது. மழை மட்டும். மெஷின் அலறத் தொடங்கியது.

பம்பைப் போட்டாள்.

"...கஞ்சி குடிக்கணும்," என்றார் கொளஞ்சியப்பன்.

கதவு திறந்தது. அவர் மனைவி தைலம்மாள், மடித்த சட்டையோடு நின்றாள்.

"முடிஞ்சிதாம்மா? பஸ்சு வந்துக்கினு இருக்குது. கழட்டிட்டா கெளம்பிடுவோம்."

மெஷின் தானாக நிற்க இன்னும் இரண்டு நிமிடம்.

கொளஞ்சியப்பன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, ஊசிகள் செருகியிருந்த கையை மெல்லத் தூக்கி, கோகிலவாணியிடம் நீட்டினார்.

"கழட்டும்மா."