ஜாமீன் கையெழுத்து

தாமரை தோசைக்கல்லை அடுப்பின் மேல் வைத்த சத்தத்தில் ஹாலில் படுத்திருந்த விஜயபாஸ்கர் விழித்துக்கொண்டான். அவன் விழிக்க வேண்டும் என்றுதான் அவள் அப்படி வைத்தாள்.

"சட்னி நான் அரைக்கட்டுமாக்கா?" என்றாள் உமாராணி.

"வேண்டாம் தாயீ... நீ கை வச்சா என்ன ஆகும்னுதான் மூணு நாளா பாக்கோமே!"

உமாராணி வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். வெங்காயம் உரிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கண்ணீர் எதற்கு வருகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

ஷார்ஜா ரோலாவில் ஐந்தாம் மாடி வீடு அது. இருந்த ஒரே படுக்கையறையில் பாண்டித்துரையும் தாமரையும் இருந்தார்கள். ஹாலில் கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டு, அந்தப் பக்கம் தம்பி விஜயபாஸ்கரும் அவன் மனைவி உமாராணியும். அவள் வந்தது அறுபது நாள் விசிட் விசாவில். இன்னும் பதினோரு நாள் பாக்கி. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்து இருந்த நாட்களை அவள் விரல் விட்டு எண்ணிவிடுவாள்.

தொழில்பேட்டையில் ஏசி குழாய் செய்யும் கம்பெனியில் பாண்டித்துரை ஃபோர்மேன். தம்பியை அங்கே கொண்டு வந்ததும் அவர்தான். விஜயபாஸ்கரின் விசாவில் 'ஹெல்பர்' என்று எழுதியிருந்தது. அவன் பார்த்தது ஸ்டோர் வேலை. ஆனால் முதலாளி அவனை எடுத்தது வாலிபால் ஆடுவதற்காக. கம்பெனி டீமில் அவன் செட்டர். பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் அவன், அடித்துப் பேர் வாங்குவது மற்றவர்கள். ஆனால் செட்டர் இல்லாவிட்டால் மற்ற ஐந்து பேரும் வெறும் ஐந்து பேர்தான். அரபி முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். அபுதாபி பக்கம் முசஃபாவில் இருந்த இன்னொரு கம்பெனிக்கும் தெரிந்திருந்தது.

முசஃபாக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். சம்பளம் கூடுதல் என்பது இருக்கட்டும். 'ஸ்டோர் கீப்பர்' என்றே விசா அடிப்போம் என்றார்கள். ஹெல்பர் விசாக்காரன் மனைவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது, ஸ்டோர் கீப்பர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருக்கிற கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. தராமல் வேறு இடத்துக்கு மாற வழியில்லை. அதனால் பாண்டித்துரை ஒரு ஏற்பாடு செய்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பத்து நாள் லீவு என்று சொல்லி ஆபீஸ் லாக்கரிலிருந்து தம்பியின் பாஸ்போர்ட்டை வாங்குவது. ஊருக்குப் போனவன் திரும்பாமல் இருந்து, பிறகு முசஃபா விசாவில் வருவது. லீவில் போய்த் திரும்பாதவனுக்கு விழும் விசாத் தடையை முசஃபாக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

விஜயபாஸ்கருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் அண்ணன் சொல்லை அவன் தட்டியதில்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. லீவில் போகிறவனுக்கு இன்னொரு தொழிலாளி ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவன் திரும்பி வரும்வரை ஜாமீன் போட்டவனின் பாஸ்போர்ட் லாக்கரை விட்டு வெளியே வராது. "ஜாமீன் நானே போட்டுட்டேன்ல" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார் பாண்டித்துரை.

அதற்கு மேல்தான் அந்த வினை நடந்தது. டிக்கெட் போட்டிருந்த செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள், செய்கு அலாவுதீன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற முறையில் விஜயபாஸ்கர் அவரை 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான். டீமில் விஜயபாஸ்கர் தூக்கிக் கொடுக்கும் பந்தை அடிப்பவர். ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் பார்சல் கொடுத்துவிடுவது வழக்கம்தானே! வீட்டில் உமாராணி மட்டும் இருந்தாள்.

"தங்கச்சி, என் கூடப்பொறந்த ஷிரினுக்கு நிக்காஹ்மா. துணிமணி எல்லாம் இதுல இருக்கு, முன்னாடியே போய்ச் சேந்துட்டா நல்லது. விஜி பத்து நாள்ல வந்துடுவான்ல? அவன் வந்த மறுநாளே நான் கெளம்பிடுவேன். அவனுக்கு ஜாமீன் போட்டிருக்கேன், அதான் கேட்டேன்..."

விஜயபாஸ்கர் திரும்பப் போவதில்லை என்பது உமாராணிக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பாண்டித்துரை படியேறி வந்ததும் வாசலிலேயே மறித்தாள்.

"பெரியத்தான், அலாவுதீன் அண்ணன் தங்கச்சி கல்யாணத்துக்கே போக முடியாதே..."

"அண்ணன் தம்பிக்கு ஜாமீன் போட்டா செல்லாதுன்னுட்டான் ஆபீஸ்ல. நான் வேற யாருகிட்டப் போவேன்? என் தம்பி காலம் பூரா ஹெல்பராவே கெடக்கணுமா? உனக்காகத்தான் இதெல்லாம்! விஜிகிட்ட இதச் சொன்னேன்னு வையி... அவன் ஆயுசுக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டான். அண்ணன் தம்பியப் பிரிச்சவள்னு பேரு வாங்காத."

"அவுககிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள் உமாராணி. "ஆனா இது நடக்காது பெரியத்தான்."

மறுநாள் காலை புருஷனின் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தொழில்பேட்டைக்கு வழி கேட்டுக் கேட்டுப் போனாள். தனியாகத் தெருவில் இறங்கியதே அன்றுதான். ஆபீஸ் கிளார்க் கௌஸ் முகம்மது முன்னால் அதை வைத்தாள். "லீவு வேண்டாம்னுட்டாங்க. அந்த ஜாமீன் தாள என் கண்ணு முன்னாடி கிழிங்க." அவர் கிழித்தார். அப்புறம்தான் எழுந்தாள்.

அன்றிலிருந்து வீடு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஏன் பண்ணின? அத மட்டும் சொல்லு!" என்று விஜயபாஸ்கர் கேட்காத நேரமில்லை.

"பண்ணக் கூடாததப் பண்ணல. அவ்வளவுதான்."

"இவளுக்கு இங்க இருக்கப் பிடிக்கல, அதான்!" என்றாள் தாமரை. "ஒரு குடும்பத்து வாழ்வையே லாக்கர்ல போட்டுப் பூட்டிட்டு வந்து நிக்கிறா பாரு, கல்லு மாதிரி!"

பாண்டித்துரை தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் வாயைத் திறந்தால் ஒரு நொடியில் முடிகிற காரியம். திறக்கவில்லை. உமாராணி மூன்று நாளும் அவரைப் பார்த்தாள். நான்காம் நாள் பார்க்கவில்லை, பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள்.

அந்த நான்காம் நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கம்பெனிகளுக்கிடையே இறுதி ஆட்டம். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அலாவுதீன் வந்தார்.

"பார்சலை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். விஜி போகலல்ல... நாளைக்கு நானே கெளம்புறேன். ஜாமீன் தாள் கிழிச்சாச்சுன்னு கௌஸ் பாய் சொன்னாரு. தங்கச்சியே நேர்ல வந்து கிழிக்கச் சொல்லுச்சாமே?"

விஜயபாஸ்கர் எழுந்தான். "என்ன ஜாமீன் காக்கா? அது அண்ணன் போட்டதுல்ல?"

"பாண்டி அண்ணன் போட்டா செல்லாதே! உம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்து கேட்டாரு, போட்டேன். ஆறு வருஷமா நீ தூக்கிக் குடுக்குற பந்தத்தான அடிக்கேன், உனக்குப் போடாம யாருக்குடா போடுவேன்?"

அலாவுதீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முசஃபா பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்ததுதான். மெல்ல அவர் முகம் மாறியது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"மூணரைக்கு பஸ் வரும். லேட் பண்ணாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"அண்ணே!" விஜயபாஸ்கர் கத்தினான். "அந்த மனுசன் கழுத்துல கயித்தப் போட்டுட்டு என்ன ஏரோப்பிளேன்ல ஏத்தப் பாத்தீங்களா? இவள மூணு நாளா நான் என்னென்ன கேட்டேன்... நீங்க தோசை தின்னுக்கிட்டு..."

"நிறுத்துங்க!" என்றாள் உமாராணி. "குரல ஒசத்தாதீங்க. இவர இப்படி நிக்க வச்சுக் கேக்கணும்னா நான் அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டேனா?"

பாண்டித்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாமரை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அடிப்பாவி... வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா! நான் என்னவெல்லாம் சொன்னேன்..."

உமாராணி புருஷனைப் பார்த்து நின்றாள்.

"எனக்கு இங்க இருக்க ஆசை இல்லன்னு யாரு சொன்னா? ஆசை இருக்கு! ஆனா இன்னொருத்தர் தங்கச்சி கல்யாணத்த மிதிச்சு ஏறி வர்ற வீடு எனக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியத முதலாளி மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. ஆட்டத்துக்கு முன்னாடி கேக்காதீங்க, மிரட்டுறதா நெனப்பான். ஆடி முடிச்சிட்டுக் கேளுங்க."

ஆட்டத்தில் தோற்றார்கள். ஐந்தாவது செட் வரை இழுத்து, இரண்டே புள்ளியில். ஆனால் விஜயபாஸ்கர் தூக்கிய ஒவ்வொரு நல்ல பந்தும் அலாவுதீன் கைக்குத்தான் போனது. கடைசிப் பந்து வலையில் விழுந்ததும் அலாவுதீன் வந்து அவன் தோளில் கை போட்டார். கம்பிவேலிக்கு வெளியே நின்ற உமாராணி அதைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

முதலாளி காரில் ஏறப் போனபோது விஜயபாஸ்கர் முன்னால் போய் நின்றான். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டான். "அர்பாப், விசாவில் ஸ்டோர் கீப்பர் என்று மாற்றிக் கொடுங்கள், இன்னும் மூன்று வருஷம் ஆடுகிறேன். இல்லையென்றால் என்.ஓ.சி. கொடுங்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறேன்."

முதலாளி சிரித்தார். "தோற்றுவிட்டு வந்து கேட்கிறாயா?"

அப்போதுதான் பாண்டித்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இருபது வருஷத்தில் அந்த முதலாளி முன்னால் அவர் ஒரு நாளும் குனிந்ததில்லை. அன்றும் குனியவில்லை. நிமிர்ந்து நின்றே சொன்னார்.

"அர்பாப், செவ்வாய்க்கிழமை இவன் ஓடியிருப்பான். ஓட ஏற்பாடு செய்தது நான். பொய் சொல்லி ஜாமீன் வாங்கியதும் நான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொண்டு வந்து வைத்தது இவன் மனைவி. அவள் விசா முடியச் சில நாள்தான் இருக்கிறது என்று தெரிந்தும் வைத்தாள்."

விஜயபாஸ்கர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவர் கண்களும் நிறைந்திருந்தன.

முதலாளி வேலிப்பக்கம் திரும்பி உமாராணியைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு அதே பார்வையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்.ஓ.சி. மாஃபி, கிடையாது" என்றார் முதலாளி. "ஸ்டோர் கீப்பர்... நாளைக் காலை ஆபீசுக்கு வா. பாண்டி, நீயும் வா. உன்னிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. கலாஸ், பேச்சு முடிந்தது."

வீடு திரும்பியதும் தாமரை உமாராணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்ன மன்னிச்சிரு தாயீ..." பாண்டித்துரை கை கூப்பப் போனார். உமாராணி சட்டென்று விலகினாள்.

"வேண்டாம் பெரியத்தான். இந்த வீட்டுல மூத்தவுக தலை குனியக் கூடாது. அதுக்காகத்தான் அத்தன பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க குனிஞ்சா நான் கேட்டதெல்லாம் வீணாயிரும்."

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரிக்கக் கை நீட்டினாள். "இத எதுக்கு இன்னும் இப்படி வச்சிருக்க? அதான் அவன் சரின்னுட்டானே!"

உமாராணி பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"இருக்கட்டும்க்கா. வாயால சொன்னது காத்தோட போயிரும். காயிதத்துல ஸ்டோர் கீப்பர்னு எழுதி இவுக கையெழுத்துப் போடுற வரைக்கும் பெட்டி கட்டினபடியே இருக்கும்" என்றாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். "சட்னிக்கு நான் அரைக்கேன். அலாவுதீன் அண்ணனையும் சாப்பிட வரச் சொல்லுங்க. நாளைக்கு ஊருக்குப் போற மனுசன்."