வீட்டுக்குள் கூப்பிட்ட பெயர்

தமிழ்மணி இன்னும் வகுப்புக்குள் நுழையவே இல்லை; அவளுடைய பெயர் மட்டும் அவளுக்கு முந்திப் போய் உள்ளே உட்கார்ந்திருந்தது.

வெளியே, யாங்கோனின் பபேடான் பகுதித் தெருவில் மாலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வெகு நேரமாகி, கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஓட்டும் ஜெனரேட்டரின் தடதடப்பும் அதன் எண்ணெய்ப் புகையும், சமையலறையில் அம்மா கலா தாளித்த காய்ந்த மிளகாயின் நெடியும் ஜன்னலில்லாத அந்த நடு அறையில் வந்து தேங்கி நிற்க, அவள் லேப்டாப்பை முன்னால் வைத்து, போனைப் பக்கத்தில் ஒரு டம்ளர்மேல் சாய்த்து நிறுத்தி, போனில் பள்ளிக்கூட வகுப்பைத் திறந்தாள். திரை நிறையக் கறுப்புக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பிள்ளையின் பெயர். அவற்றில் ஒன்றில் 'தின்சா மோ' என்றிருந்தது. அது இவள்தான்.

நேற்றைய இணைப்பு அறுபடாமல் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நெட்டின் லட்சணம் அப்படி. கணக்கு சொல்லித்தரும் சயாமா வருகை எடுக்கத் தொடங்கினார்.

"தின்சா மோ."

"ஷின்," என்றது போன்.

சளி பிடித்தாற்போலக் கொஞ்சம் கரகரத்த குரல். அவளுடைய குரல்தான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

யாங்கோன் தமிழ்ப் பிள்ளைகளில் இரண்டு பெயர் வைத்திருப்பவர்கள் ஏராளம். வெளியே தின்சா மோ, வீட்டில் தமிழ்மணி. வெளியே யாராவது கூப்பிட்டால் பர்மியப் பெண்கள் சொல்வதுபோல 'ஷின்', வீட்டில் கூப்பிட்டால் 'என்னம்மா'. கலா இதில் படு கறார். "வெளிப் பேரு செருப்பு மாதிரிடி. வாசல்ல கழட்டி விட்டுட்டு உள்ள வா" என்பாள். அது ஒரு காலம் வரை நடந்தது. பள்ளிக்கூடமே போனுக்குள் ஏறி வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, தினம் மாலையில் நட்ட நடு வீட்டுக்குள் ஒருத்தி 'தின்சா மோ, தின்சா மோ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கலாவுக்கு அது ஆகவே இல்லை. ஆனாலும் என்ன செய்வது, படிப்பாயிற்றே.

அதுவும் சாதாரணப் படிப்பா? பள்ளி முடிப்பதற்குள்ளேயே வெளிநாட்டுக் கல்லூரியின் பாடங்களையும் இணையத்தில் படித்து, பள்ளிச் சான்றையும் கல்லூரி மதிப்பையும் ஒருசேர வாங்குகிற ஏற்பாடு. பள்ளியில் அவள் தின்சா மோ. பாஸ்போர்ட்டில் இருப்பது வீட்டுப் பெயர் என்பதால் கல்லூரிக்குத் தமிழ்மணி. இரண்டு வகுப்பும் ஒரே மாலையில் வந்து மோதிக்கொண்டன. எதில் வருகை குறைந்தாலும் இரண்டும் போச்சு. எல்லாம் சரியாக முடிந்தால் பதினெட்டு நிறைவதற்குள் அந்தக் கல்லூரிக்கே விமானம் ஏறிவிடலாம். பதினெட்டு ஆனவர்களின் பெயரைத்தான் வட்டார அலுவலகத்தில் எடுத்துக் கட்டாய ராணுவச் சேவைக்குக் கூப்பிடுகிறார்கள். பெண்பிள்ளைகளை இன்னும் தொடவில்லை. அந்த 'இன்னும்' என்ற ஒற்றைச் சொல்லில் கலாவுக்குத் தூக்கம் போயிருந்தது.

மறுநாள் மாடிப்படியில் ஷப்னம் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி, ஒரே வகுப்பு.

"நேத்து என்னடி, கணக்குல பிச்சு உதறிட்ட! சயாமாவே அசந்துட்டாங்க."

"நானா?"

"இல்ல, உன் ஆவி வந்து சொல்லிச்சு. ரொம்பத்தான் பிகு பண்ணிக்காதடி."

தமிழ்மணியும் சிரித்து வைத்தாள். நேற்று அவள் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கல்லூரி வகுப்பில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது பயம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கடுத்து வந்தது நிம்மதி. இத்தனை மாதமாக ஒரு காதில் கணக்கும் மறு காதில் கட்டுரையுமாகக் கிடந்து அல்லாடியவளுக்கு, பாதிச் சுமையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. யார் என்று கேட்கத்தான் வேண்டுமா? அன்று மாலை போனில் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து, கலாவுக்குக் கேட்காமல், "நீயே இருந்துக்கோ" என்றாள். தமிழில்தான் சொன்னாள். பிறகு போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருந்தது, எழுந்தால் கூடத்துப் பக்கம் பார்க்கக் கூடாதுபோல் இருந்தது. அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம்: தெருவைப் பார்த்த கூடம், நடு அறை, கடைசியில் சமையலறை. மழைக்கால மாலைகளில் கூடத்தில் வெளிச்சம் வெகுசீக்கிரம் வடிந்துவிடும்; பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறும், கீழே யாராவது இழுத்தால் கிணுகிணுக்கும் அதன் சின்ன மணியும், காற்றில் லேசாக ஆடும் திரைச்சீலையும் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்தத் திரைச்சீலைப் பக்கமிருந்து புதிதாக அரைத்த தனாக்காவின் குளிர்ந்த மரவாசனை வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் போகையில் கன்னத்தில் பூசிக்கொள்வது. பள்ளி போனுக்குள் வந்த பிறகு இந்த வீட்டில் யாரும் அதை அரைப்பதில்லை.

ஒருநாள் அவளுடைய செருப்பு கூடத்துக்குள் கிடந்தது. ஈரமாக இருந்தது. அன்று முழுக்க அவள் வெளியே போகவில்லை.

இன்னொரு நாள் சமையலறையிலிருந்து அம்மா "மணி" என்று கூப்பிட, இவள் பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து பதில் வந்தது.

"ஷின்."

கரண்டியோடு வந்து நின்றாள் கலா. "ஏண்டி, வீட்டுக்குள்ள ஷின்னு சொல்லாதன்னு எத்தன வாட்டி சொல்றது? அம்மா கூப்பிட்டா 'என்னம்மா'ன்னு வாயில வராதா?"

"நான் சொல்லலம்மா."

"பின்ன, பக்கத்து வீட்டு ஷப்னமா வந்து சொன்னா?"

தமிழ்மணி அலமாரியைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா போனைத் தூக்கிப் போட்டு உடைப்பாள், படிப்பு நிற்கும், பதினெட்டு வரும். இன்னும் ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு. அது முடிந்ததும் இந்தப் பெயரே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தேர்வன்று தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஈரத் துண்டைத் தலையில் சுற்றியபடி சமையலறையில் தலை நீட்டினாள்.

"வாரி விடும்மா. சீக்கிரம்."

கலா திரும்பாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "இப்பத்தானடி கூடத்துல வாரிப் பின்னி விட்டேன்? அதுக்குள்ள அவுத்துட்டியா? ஆனா ஒண்ணு, இன்னிக்குத்தான் ஒழுங்கா பதில் சொன்ன. கூப்பிட்டதும் 'என்னம்மா'ன்ன. காதுக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு."

துண்டிலிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் சொட்டியது.

நடு அறைக்கு வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். தேர்வு முடியட்டும். முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கி ஓடிவிட வேண்டும். முடியட்டும். கேமரா கட்டாயம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினாள். கரண்ட் போனது. அறை இருண்டது. திரை மட்டும் எரிந்தது.

கல்லூரி ஆசிரியர் பெயர் கூப்பிட்டார். தமிழ்மணி.

திரையில் ஒரு கட்டம் ஒளிர்ந்தது. பின்னியெடுத்த இரட்டைச் சடை. கன்னங்களில் வட்டமாகத் தனாக்கா. அவள் முகம். பின்னால் திரைச்சீலை, பால்கனி, தொங்கும் கயிறு.

கூடம்.

கீழே யாரோ கயிற்றை இழுத்தார்கள். மணி திரைக்குள் கிணுகிணுத்தது. சுவருக்கு அப்பாலும் கிணுகிணுத்தது.

திரையில் இருந்தவள் சரளமாகப் பேசத் தொடங்கினாள். தமிழ்மணி மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒவ்வொரு வரியையும்.

எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. கால் எங்கே? குனிந்து பார்க்க முடியவில்லை. கழுத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. நாலு பக்கமும் கறுப்பு. முன்னால் மட்டும் வெளிச்சம். அதில் நடு அறை. காலியான நாற்காலி. நாற்காலியில் ஈரத் துண்டு.

"மணி! முடிஞ்சுதா? சாப்பிட வாடி."

அம்மா. அம்மா கூப்பிடுகிறாள். என்னம்மா என்று கத்த வேண்டும். இருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"ஷின்."

அது ஒன்றுதான் வந்தது.

"என்னம்மா, இதோ வந்துட்டேன்," என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். குழைவாக.

கலா உள்ளே வந்தாள். கையில் மெழுகுவர்த்தி. நேராக வந்து குனிந்தாள். அம்மாவின் முகம் முன்னால் பெரிதாக நின்றது. நெற்றியில் வியர்வை, கண்ணில் வெங்காயக் கண்ணீர்.

"யாருடி இது? உன்னக் கூப்பிட்டா இது ஷின்னு சொல்லுது."

அம்மாவின் தோளுக்குப் பின்னால் இரட்டைச் சடை வந்து நின்றது. "கூடப் படிக்கிற பொண்ணும்மா. தின்சா மோ."

"பாவம், அழுவுற மாதிரி இருக்கே?"

"நெட்டு சரியில்லம்மா, முகம் அப்படித்தான் தெரியும். தேர்வெல்லாம் முடிஞ்சுபோச்சு. லேப்டாப்ப மூடிரும்மா."

"முடிஞ்சுதா! இனிமே என் பிள்ளைக்குக் கவலையில்ல," என்று கலா அந்த இரட்டைச் சடைக்காரியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

கண்ணாடி வளையல்கள் குலுங்கின. மேலேயிருந்து இருட்டு சாய்ந்து வந்தது. அம்மாவின் நெற்றி மறைந்தது. கண் மறைந்தது. சிரித்துக்கொண்டிருந்த வாய் மறைந்தது. கடைசியாக ஒரு கோடு வெளிச்சம், அதில் அம்மாவின் விரல்கள்.

ஷின். ஷின். ஷின்.